போலாரத்திலிருந்து வந்த ஆம்ப்

வீட்டில் உட்கார்ந்து, கிட்டார் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்களை டிஜிட்டலாகப் பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் அளவுகள்தான். மைக்கை ஸ்பீக்கரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, எந்த மைக் நல்லது, சிக்னலை எவ்வளவு ஏற்றுவது. இவை கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். இணையத்தில் எத்தனையோ பேர் சொல்லித் தருகிறார்கள், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதை நான் வேறு ஒரு முறை சொல்ல வேண்டியதில்லை.

நான் செகந்திராபாத் தார்நாகாவில், என் வீட்டுப் பின்னறையில் பல வருடம் இந்த வேலையைச் செய்தேன். அதற்கு முன் உப்பலில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். ராணுவத்துக்குப் போகும் கருவிகளைக் காய்ச்சியும் குலுக்கியும் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று கையெழுத்துப் போடுகிற பிரிவு. போன வருடம் காதைப் பரிசோதித்தபோது உச்சத்தில் இருக்கும் ஒலிகள் எனக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அன்றோடு ஆம்ப் வேலையை நிறுத்திவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கேட்கிற காது இருந்தவரை நான் பிடித்ததெல்லாம் நன்றாகவே வந்தது. இன்றைக்கும் பல மேடைகளில் ஒலிக்கிறது.

இந்த வேலை என்னவென்று வீட்டார் கேட்டால் நான் சொல்வது இதுதான். பழைய வால்வு ஆம்ப் ஒன்று இருக்கிறது. தூக்க முடியாத கனம், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரும் அளவுக்குச் சத்தம். அதன் வழியாகச் சில சோதனை ஒலிகளை அனுப்பி, ஸ்பீக்கரிலிருந்து வருவதை மைக்கில் வாங்கி, போனது எப்படி மாறி வந்தது என்பதை ஒரு சின்னப் பெட்டி கற்றுக்கொள்கிறது. பிறகு அந்தப் பெட்டியில் கிட்டாரைச் செருகினால் அந்த ஆம்பில் வாசித்தது போலவே கேட்கும். நாம் அதை கேப்சர் என்கிறோம். பெட்டி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். நமக்கு இருக்கும் வேலை, அது கற்றுக்கொள்கிற நேரத்தில் ஆம்புக்கும் அறைக்கும் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான்.

அறை என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரம்ப நாட்களில் ஒரு கேப்சரில் மெலிதாக ஒரு கீச்சொலி ஒட்டிக்கொண்டது. ஆம்பைத் திறந்தேன், கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மேல்வீட்டு ரெட்டிகாரு அம்மாவின் குக்கர் விசில். மாடிக்குப் போய், "குக்கர் எப்போ வைப்பீங்க?" என்று தெலுங்கில் கேட்டேன். அந்த அம்மா, "நீ சப்தம் எப்புடு ஆபுதாவு?" என்று திருப்பிக் கேட்டார். நீ எப்போது சத்தத்தை நிறுத்துவாய் என்கிறார். இருவரும் பேசி ஒரு நேரம் ஒதுக்கிக்கொண்டோம். இந்த ஊரில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு மைக்கைவிட முதலில் தேவைப்படுவது மேல்வீட்டுச் சமாதானம்.

இனி செல்வின் சாரின் ஆம்புக்கு வருகிறேன். இந்த வேலையில் எப்போது எதை நிறுத்துவது, எப்போது வாயை மூடிக்கொள்வது என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவு வருவது அந்த ஒரு நாள்தான்.

செல்வின் சார் போலாரத்தில் இருக்கிறார். அப்பா ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்தவர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். இவர் இளவயதில் செகந்திராபாத் கிளப்புகளில், கல்யாண வரவேற்புகளில், டான்ஸ் பேண்டுகளில் கிட்டார் வாசித்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர். இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மட்டும் வாசிக்கிறார். நாட்டை விட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து இளவயதில் அவருக்கு வந்து சேர்ந்த வால்வு ஆம்ப் அது. அந்த ஆம்பை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

அவருடைய மகள் ஜெமி. அவளும் கிட்டார் வாசிப்பவள். உல்லாசக் கப்பல் ஒன்றின் பேண்டில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. பெண் பிள்ளை மாதக்கணக்கில் கடலில் இருப்பதா என்று பேச்சுவார்த்தை இல்லாமல் சில வாரம் போயிருக்கிறது. பிறகு ஒரு நாள் அவராகவே இறங்கி வந்தார். "போ. ஆனா என் சத்தத்தையும் கூட்டிட்டுப் போ" என்று சொன்னாராம். கப்பலுக்கு ஆம்ப் கொண்டுபோக முடியாது. சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டிதான் போகும். அப்படித்தான் இருவரும் ஆம்பை ஆட்டோவில் ஏற்றி, நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டு, தார்நாகாவில் என் வாசலில் வந்து இறங்கினார்கள். ஜெமி அந்த வாரக் கடைசியில் கிளம்ப வேண்டும்.

"மேடம், இதுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று செல்வின் சார் வாசலிலேயே கேட்டார்.

"நான் பாத்துக்கறேனுங்க சார். ஏதாவது ஆகற மாதிரி இருந்தா நிறுத்திடுவேன்" என்றேன்.

ஆம்பைப் பின்னறையில் வைத்தேன். சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, அலமாரியைத் திறந்து போர்வைகளைத் தொங்கவிட்டிருக்கும் அறை அது. முதலில் அவரையே வாசிக்கச் சொன்னேன். இதை நீங்களும் செய்யுங்கள். ஆம்புக்குச் சொந்தக்காரர் வாசிக்காமல் எதையும் தொடாதீர்கள். அவர் பழைய வால்ட்ஸ் நடன மெட்டு ஒன்றை வாசித்தார். ஒவ்வொரு சுரமும் ஓரங்கள் கரைந்து, அடுத்ததோடு குழைந்து வந்தது. கேட்க மிகவும் இனிமை. ஆம்ப் ஒன்று அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. ஜெமி ஜன்னல் கம்பியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு கேப்சரைத் தொடங்கினேன். இருவரையும் ஹாலில் உட்கார வைத்துவிட்டு, நான் ஆம்புக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். உங்களில் பலர் கணினித் திரையின் முன்னால் உட்காருகிறீர்கள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகரும், அவ்வளவுதான். அது தப்பு செய்யாது. ஆம்ப் செய்யும். அதனால் வால்வுகள் தெரிகிற இடத்தில் உட்காருங்கள், வால்வின் நிறம் இருட்டில் தெரிய ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

பாதிக்கு மேல் போயிருக்கும். பெரிய வால்வுகள் இரண்டில் இடப்பக்கத்தது சிவக்க ஆரம்பித்தது. இதில் புதியவர்கள் குழம்புவார்கள். வால்வின் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் எப்போதும் இருக்கும், அது இயல்பு. வெளியே சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகட்டில் மங்கலாக ஒரு சிவப்பு படர்ந்தால் அது இயல்பில்லை. தாங்க முடியாத அளவு மின்சாரம் அதன் வழியாகப் போகிறது என்று அர்த்தம். வால்வு போனால் வேறு வாங்கலாம். அது போகிற வேகத்தில், ஸ்பீக்கருக்கு ஒலியைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போனால் அந்த ஆம்ப் அதோடு முடிந்தது. அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று கிடையாது. யாராவது புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுத்தாலும் அது வேறு ஆம்ப்.

தொழிற்சாலையில் என் பக்கத்து மேஜையில் ஒருவர் இருந்தார். வயதில் என்னைவிட இளையவர். சோதனையில் புகை வந்தால் மற்றவர்களெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்ப்போம். அவர் பார்க்க மாட்டார். கை நேராக ஸ்விட்சுக்குப் போகும். "ஆஃப் பண்ணிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாம்" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். என் கை ஸ்விட்சைத் தட்டிய பிறகுதான் நான் யோசிக்கவே ஆரம்பித்தேன்.

ஓடிக்கொண்டிருந்த ஒலி நின்றதும் செல்வின் சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் ஜெமி.

"என்ன மேடம், நின்னுட்டு?"

"நான்தான் நிறுத்தினேன் சார். ஒரு வால்வு சிவந்துடுச்சு."

அவர் பின்னால் வந்து குனிந்து பார்த்தார். அதற்குள் சிவப்பு அடங்கியிருந்தது. "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டார்.

"கொஞ்சம்தான். ஒண்ணு ரெண்டு நிமிஷம் இருக்கும். ஆனா பாதியில விட்டதைத் தொடர முடியாது. முதல்ல இருந்து போகணும்."

"அப்ப முதல்ல இருந்து போடுங்க. எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது. இந்தச் சத்தம் இவகூடப் போயிருச்சின்னா போதும். நான் இதை வச்சிட்டு என்ன செய்யப் போறேன், ஞாயித்துக்கிழமை ரெண்டு பாட்டு."

"டாடி, நக்கோ" என்றாள் ஜெமி, வேண்டாம் என்பதை இந்த ஊர் உருதுவில். "கைக்கு, எதுக்கு அப்படிப் பேசறீங்க? ஆன்ட்டி ஆஃப் பண்ணது கரெக்ட். விடுங்க, இது கிடைக்காட்டி பரவால்ல. நான் வேற ஏதாவது யூஸ் பண்ணிக்கறேன்."

"நீ சும்மா இரு. மேடம், நீங்க போடுங்க. இது என் ஆம்ப்."

இந்த இடத்தில்தான் நீங்கள் தடுமாறுவீர்கள். ஆம்புக்குச் சொந்தக்காரர் தெளிவாகச் சொல்கிறார், போடு என்று. மகளுக்காகச் சொல்கிறார். மறுக்க உங்களுக்கு என்ன உரிமை என்று தோன்றும். எனக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒரு நிமிடத்தில், உணர்ச்சி வேகத்தில் கொடுக்கப்படுகிற அனுமதியை நான் அனுமதியாக எடுத்துக்கொள்வதில்லை. மறுநாள் காலை அவர் போலாரத்து வீட்டில் எழுந்து, ஆம்ப் இருந்த மூலையைப் பார்க்கும்போதும் அதே வார்த்தையைச் சொல்வாரா என்று கேட்டுக்கொள்வேன்.

"ஆம்ப் உங்களோடதுதான் சார்" என்றேன். "ஸ்விட்ச் என் வீட்டோடது. எதுனால சிவந்துதுன்னு தெரியாம நான் போடமாட்டேனுங்க. தெரிஞ்ச பிறகு நீங்க சொல்லுங்க, பேசலாம்."

அவர் ஹாலுக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். ஜெமி என்னிடம் மெல்ல, "ஸாரி ஆன்ட்டி" என்றாள். டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டு என் சமையலறைக்குள் போனாள்.

ஆம்ப் ஆறியதும் இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டேன். கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். முன்பு சிவக்காத வால்வு இப்போது இடப்பக்கம் வந்து சிவந்தது. அப்படியானால் வால்வில் குற்றமில்லை. அந்த இடத்துக்கு வருகிற கம்பியில் ஏதோ இருக்கிறது. இது சின்னச் சோதனைதான், ஆனால் பாதிப் பேர் இதைச் செய்யாமல் புது வால்வு போட்டு, அதையும் எரித்துவிடுவார்கள்.

உள்ளே திறந்து பார்த்தேன். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கினால் போதாது, உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரத்தையும் வடித்துவிட வேண்டும். ஆளைக் கொல்லும் அளவுக்கு அது இருக்கும். குற்றவாளி ஒரு சிறிய கண்டென்சர். சிக்னலை மட்டும் விட்டு, நேர் மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. வயதாகி, தடுக்க வேண்டிய மின்சாரத்தை ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. சூடு ஏற ஏற ஒழுக்கும் ஏறும். செல்வின் சார் சர்ச்சில் வாசிக்கும்போது நடுவில் ஜெபம் இருக்கிறது, பிரசங்கம் இருக்கிறது, ஆம்ப் மூச்சு விட்டுக்கொள்ளும். கேப்சரில் அதற்கு மூச்சு விட இடமே கிடையாது. அதனால்தான் என் அறையில் சிவந்தது.

என்னிடம் இருந்த ஒன்றைப் போட்டேன். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு வால்வும் சமமாக, அமைதியாக இருந்தன. மனதுக்கு நிறைவாக இருந்தது. ஹாலுக்குப் போய், "சரியாயிடுச்சு சார், வாங்க, வாசிச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் வந்து அதே வால்ட்ஸைத் தொடங்கினார். நான்கைந்து சுரம் வாசித்திருப்பார். நிறுத்திவிட்டார். ஆம்பின் முன்பக்கத்துக் குமிழ்களைக் குனிந்து பார்த்தார். ஒன்றைத் திருகினார், மறுபடி வாசித்தார், மறுபடி நிறுத்தினார்.

"இது யார் ஆம்ப்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் தன்னுடையது என்று நினைத்த அந்தக் குழைவு, ஒழுகிய கண்டென்சரிலிருந்து வந்தது. ஒரு வால்வு அதிகமாகவும் மற்றது சரியாகவும் வேலை செய்ததால் வந்த கோணல். ஒரே நாளில் வந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் அதையே தன் சத்தமாக ஏற்றுக்கொண்டுவிட்டார். இப்போது ஒலித்தது, அந்த ஆம்ப் புதிதாகத் தன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த சத்தம். கூர்மை, தெளிவு. அவருக்கு அது அந்நியம்.

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். மழுப்பவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பழசையே திருப்பிப் போடுங்க" என்றார்.

"போட்டா பழையபடி சிவக்கும் சார்."

"எதுனாலன்னு தெரிஞ்ச பிறகு பேசலாம்னு நீங்கதான சொன்னீங்க."

சொன்னேன்தான். ஒரு வார்த்தை பேசிவிட்டால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கொஞ்சம் யோசித்தேன். அந்தக் கண்டென்சரைத் திருப்பிப் போட்டு, இடையிடையே ஆறவிட்டு, எப்படியாவது பிடித்துவிடலாம் என்று ஒரு வழி இருந்தது. உங்களில் துணிச்சல்காரர்கள் அதைத்தான் செய்வீர்கள். ஆனால் அது எப்போது எவ்வளவு ஒழுகும் என்பது அதன் இஷ்டம். எனக்கு வேண்டியது அந்தக் கோணல். அந்தக் கண்டென்சர் இல்லை. கோணலை நானே, என் கட்டுப்பாட்டில், அளந்து கொடுக்கலாமே என்று தோன்றியது.

"சார், எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க. கண்டென்சர் புதுசே இருக்கட்டும். இடப்பக்க வால்வை மட்டும், அது தாங்கற அளவுக்குள்ள கரண்டை ஏத்திக் கொஞ்சம் சூடா வைக்கறேன். பழைய சத்தம் எவ்வளவு தூரம் வருதுன்னு நீங்க காதால கேட்டுச் சொல்லுங்க. அதுக்கு மேல நான் போகமாட்டேன்."

அவர் சம்மதித்தார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் ஏற்றுவேன். அவர் வாசிப்பார். போதாது என்று தலையை ஆட்டுவார். நான் இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். ஜெமி போட்ட டீ ஆறிப்போய் ஏடு படிந்தது. அவர் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு, "இல்ல, இன்னும்... இன்னும் கொஞ்சம்... கிட்ட வந்துட்டு" என்றார். என் எல்லைக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தில் அவர் வால்ட்ஸை நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தார்.

"இதான்" என்றார்.

அந்த நிலையில் ஒரு கேப்சர் எடுத்தேன். வால்வு சிவக்கவில்லை. பிறகு, யாரும் கேட்காமலே, இரண்டு வால்வையும் சமமாக்கி ஆரோக்கியமான நிலையிலும் ஒன்று எடுத்தேன். இதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஓர் ஆம்பை எந்த நிலைக்குக் கொண்டுபோய்ப் பிடித்தாலும், அது ஒழுங்காக இருக்கும் நிலையிலும் ஒன்றைப் பிடித்து, எது எது என்று ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டையும் பெட்டியில் ஏற்றி ஜெமியிடம் கொடுத்தேன். அவள் தன் கிட்டாரைச் செருகி, முதலில் அப்பாவின் சத்தத்தில் வாசித்தாள். செல்வின் சார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஆம்ப் அணைந்து கிடக்கிறது, அவருடைய சத்தம் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வருகிறது. "ஹவ், ஆமா, என் ஆம்பேதான்" என்றார். பிறகு ஜெமி இரண்டாவதுக்கு மாற்றினாள். வேகமாக ஏதோ வாசித்தாள். மறுபடி முதலாவது. மறுபடி இரண்டாவது. இந்த முறை அதிலேயே ரொம்ப நேரம் இருந்தாள். தோள்கள் தளர்ந்து, உடம்பு கொஞ்சம் ஆடத் தொடங்கியது. கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, எனக்கு இது."

செல்வின் சார் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்.

"நல்லா கேட்டியாட்டி?" என்றார் செல்வின் சார்.

"கேட்டேன் டாடி. உங்களது ரொம்ப ஸ்வீட்டா இருக்கு. சின்ன வயசுலேர்ந்து கேட்டதுதானே. பட் நான் ஃபாஸ்ட்டா வாசிச்சா நோட்ஸ் எல்லாம் ஒண்ணா கலந்துடுது. பேண்டுல டிரம்ஸ், கீபோர்ட் எல்லாம் இருக்கும். அதுக்குள்ள நான் வாசிக்கறது கேக்கவே கேக்காது." "இந்த ரெண்டாவதுல நான் வாசிக்கறது கேக்குது" என்றாள்.

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். ஜெமி அவர் பின்னால் போகவில்லை. கிட்டாரின் தந்திகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஆனால் அவளுக்கு அதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை என்று தெரிந்தது.

எனக்கு எவ்வளவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. அவரிடம் போய், ஒலியின் விஞ்ஞானம் இது, கப்பல் மேடைக்குத் தெளிவுதான் பொருந்தும் என்று விளக்கலாம். அவளிடம், அப்பாவுக்காக அதையும் ஒரு பாட்டுக்கு வாசியேன் என்று ஒரு வார்த்தை போடலாம். இரண்டும் எனக்கு வாய்வரை வந்தன. இரண்டையும் சொல்லவில்லை. எந்தச் சத்தம் உண்மையானது என்று தீர்ப்பு சொல்ல நமக்குக் கூலி கொடுப்பதில்லை. இரண்டையும் நேர்மையாகப் பிடித்துக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் அவர்களுடையது. நான் கேபிள்களைச் சுற்றத் தொடங்கினேன். கைக்கு வேலை கொடுத்தால் வாய் அடங்கும்.

பால்கனியிலிருந்து அவர் திரும்பி வந்தார். மகள் எதிரில் நின்று, "அதுல இன்னொரு தடவ வாசி" என்றார்.

வாசித்தாள். அவர் இந்த முறை ஆம்பைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது கை விரல்களை மட்டும் பார்த்தார். முடிந்ததும், "இவ்வளவு வேகமா வாசிக்க எப்பட்டி படிச்ச?" என்றார்.

"நீங்க என்கூடப் பேசாம இருந்தப்போ" என்றாள் அவள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். எனக்கும்தான்.

கிளம்பும் முன் ஆம்பை மூட வேண்டும். "சார், உங்க சத்தம் வந்த நிலையிலயே வச்சுத் தரேன். அது பத்திரமான அளவுதான், பயமில்லை" என்றேன். அவருக்கு அதுதான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கருவியை எடுத்து வேலையைத் தொடங்கியும் விட்டேன்.

"இல்ல மேடம்" என்றார். "அவளுக்குப் புடிச்சதுலயே விடுங்க. லீவுல வந்தா வாசிக்கணும்லா."

"ஞாயித்துக்கிழமை நீங்க வாசிக்கணுமே சார்."

"பாக்கேன்" என்றார். ஆட்டோ வந்ததும் ஆம்பின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை ஜெமியும் பிடித்துத் தூக்கினார்கள்.

ஜெமி கிளம்பிப் போய்ச் சில வாரங்கள் கழித்து நான் போலாரம் போனேன். பழுது பார்த்த ஆம்பை ஒரு முறையாவது அதன் சொந்த வீட்டில் போய்ப் பார்ப்பது என் வழக்கம். அங்கே வரும் மின்சாரம் வேறு, சுவர்கள் வேறு. பஸ்ஸை விட்டு இறங்கி அவர் தெருவில் நுழைந்தபோதே கிட்டார் கேட்டது. ஏறி இறங்கும் சுரவரிசை. மெதுவாக, ஆரம்பப் பாடம் படிக்கும் பிள்ளை வாசிப்பது போல. பள்ளிப் பிள்ளைகள் யாருக்காவது சொல்லிக்கொடுக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.

வேறு யாரும் இல்லை. அவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்" என்றார். எழுந்திருக்கவில்லை. இடது கை விரல் நுனிகளை என் பக்கம் நீட்டிக் காட்டினார். புதிதாகச் சிவந்து தடித்திருந்தன.

"என்ன சார் இது?"

"இந்த ஆம்ப் என்னைய விட மாட்டேங்கு. நான் பண்ணுத ஒவ்வொரு தப்பும் கேக்கு. முன்ன எல்லாத்தையும் அது மூடிட்டு இருந்திருக்கு. நானும் நல்லா வாசிக்கேன்னு நெனச்சிட்டு இருந்திருக்கேன். முதல் ஞாயிறு சர்ச்சுல எனக்கே வெக்கமா போச்சு."

"பழைய நிலைக்கு வேணும்னா இப்பவே மாத்தித் தரேன் சார். கருவியெல்லாம் பையில இருக்கு."

"நக்கோ, நக்கோ" என்று கையை ஆட்டினார். "இப்பதான் ஒரு வழிக்கு வந்துட்டிருக்கு."

வால்வுகளைப் பார்த்தேன். இரண்டும் சமமாக இருந்தன. மின்சாரமும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எனக்கு அங்கே வேலையே இல்லை. உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். வால்ட்ஸை வாசித்துக் காட்டுகிறேன் என்று தொடங்கினார். தார்நாகாவில் கேட்டதைப்போல அது குழையவில்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாக வந்து விழுந்தது. நடுவில் ஓர் இடத்தில் விரல் தடுக்கியது. நிறுத்தினார்.

"இருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.